கொல்லங்கோட்டு ஆடுகளுக்கு ராத்திரி குறைந்த கதை

ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டில் இரவு என்பது கடையில் வாங்கி வந்து ஜன்னலில் மாட்டுகிற சாமான். ஸ்காட்லாந்தின் இந்த மூலையில் அந்த மாதத்துச் சூரியன், விருந்து முடிந்தும் செருப்பைத் தேடாத ஒறம்பரை மாதிரி, ராத்திரி பத்து மணிக்கும் வாசலில் நிற்கும். போனாலும் நாம் ஒரு தூக்கம் போடுவதற்குள் திரும்பி வந்துவிடும். என் மனைவி ஜெஸி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்துவிட்டுக் காலையில் வந்து படுக்கிறவளுக்காகப் பகலை அடைத்து வைக்க வேண்டும். அதற்கென்றே கருப்புத் துணியில் கனமான திரை வாங்கி, ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். அவள் படுத்ததும் நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, செம்மறிகளுக்குப் பொய் சொல்லக் கிளம்புவேன்.

பொய் என்று ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. என் உத்தியோகமே அதுதான். நான் வேலை செய்யும் பண்ணையில், கோடையின் தொடக்கத்தில் ஒரு பகுதி பெட்டை ஆடுகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் காதடியிலும் தோலுக்குள் அரிசி போல ஒரு குளிகையைச் செலுத்துவோம். அதில் இருப்பது மெலட்டோனின். இருட்டினால் மூளைக்குள் ஒரு சின்னஞ்சிறு சுரப்பி தானாகவே சுரக்கும் சரக்கு அது, விடிந்தால் நின்றுவிடும். ஆட்டுக்குக் காலண்டர் தெரியாது, ஆனால் ராத்திரி எவ்வளவு நீளம் என்று அதன் ரத்தத்துக்குத் தெரியும். ராத்திரி நீள நீள இந்தச் சரக்கு அதிக நேரம் ஓடும். குளிர்காலம் வருகிறது, இப்போது சினையானால் ஐந்து மாதம் கழித்துப் புல் முளைக்கும்போது குட்டி போடலாம் என்று உடம்பு கணக்குப் போட்டுப் பருவத்துக்கு வரும். குளிகை வைத்த ஆட்டுக்குக் கண் முன்னே ஜூன் மாதத்து வெயில், ரத்தத்துக்குள்ளே இலையுதிர்காலத்து ராத்திரி. பாவம், ஆடு ரத்தத்தைத்தான் நம்பும். சீக்கிரம் சினையாகி, மற்ற பண்ணைகளில் குட்டி இல்லாத நேரத்தில் குட்டி போடும். அதற்கு நல்ல விலை உண்டு.

இதெல்லாம் வந்த புதிதில் எனக்கு எங்கே தெரியும்? ஜெஸிக்கு வேலை கிடைத்தது, நான் அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். ஊரில் பால் சொசைட்டிக்கு வண்டி ஓட்டினேன்; கோபாலபுரம் செக்போஸ்ட்டில் என் ஹார்ன் சத்தத்துக்கே கம்பைத் தூக்குவார்கள். இங்கே ஆடு மேய்க்க ஆள் வேண்டுமென்றார்கள், ஆடு தெரியுமென்று போய் நின்றேன். பண்ணைக்காரர் ஹியூ அறுபதைத் தாண்டியவர், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு என்று அளந்து வைத்திருப்பவர். முதல் வாரத்தில் பார்த்தால், கொழுகொழுவென்று கிடாய்கள் எல்லாம் தனிக் கொட்டிலில் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆகஸ்ட் மாதம், பெட்டைகள் எங்கேயோ மலையில்.

“இதுகளுக்கு என்ன நோய்?” என்று கேட்டேன்.

“நோயா? ஒன்றுமில்லையே.”

“பின்னே ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?”

“நவம்பர் வரட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நவம்பரில் எல்லாவற்றையும் வெட்டப் போகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அடப் பாவமே என்று நாள்தோறும் ஒளித்து ஒளித்துக் கூடுதலாகத் தீவனம் போட்டேன். நவம்பர் வந்ததும் ஹியூ கொட்டிலைத் திறந்துவிட்டார். நான் கொழுக்க வைத்த மாப்பிள்ளைகள் மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பெட்டைகளைத் தேடி ஓடின. ஓ, கல்யாண மாதம் வந்திருக்கிறதா என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் ஆட்டுக்கு ஏது மாதம்? பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே மாந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் ஊர். அங்கே கிடாயும் பெட்டையும் ஒரே பட்டியில் கிடக்கும். மழை பெய்து புல் தழைத்தால் குட்டி கொஞ்சம் அதிகம், காய்ந்தால் குறைவு. எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு ஆடு குட்டியை நக்கிக்கொண்டிருக்கும். சித்திரைக்கும் மார்கழிக்கும் எங்கள் ராத்திரி பெரிதாக நீண்டு குறுகுவதில்லை. அதைப் பார்த்துக் கணக்குப் போட ஆட்டுக்கு அவசியமும் இல்லை. இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்ததை எப்படித் தொலைத்தேன் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்த அதிசயத்தை முதலில் அண்ணனுக்குத்தான் போனில் சொன்னேன். அண்ணன் பழனிச்சாமி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “என்றா சொல்ற? ராத்திரிய அளந்து பாத்துத்தான் ஆடு கூடுமா? வெள்ளக்காரன் ஆட்டுக்குக் கூட வாச்சு கட்டி உட்ருக்கறானாட்ட இருக்குது!” என்றான். எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு பிடித்திருந்தது. வாராவாரம் ஏதாவது சொல்வேன். மெலட்டோனின், குளிகை, விளக்கு வெளிச்சம் பட்டாலும் ஆட்டுக்குக் கணக்குத் தப்பும் என்பது, எல்லாம். ஜெஸி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். நர்ஸ் அல்லவா, நான் தப்பாகச் சொன்னால் திருத்துவாள்.

எனக்கு ஊரில் அண்ணனை விட்டால் ஆளில்லை. ஜெஸி இடுக்கிப் பக்கம், சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக் குடும்பம், கிறிஸ்தவப் பெண். பாலக்காட்டில் நர்சிங் படிக்க வந்தவள். நான் அவளைக் கட்டுவேன் என்றதும் அப்பா நிலம் முழுவதையும் அண்ணன் பெயருக்கு எழுதிவிட்டு, அந்தக் கோபத்தோடேயே போய்ச் சேர்ந்தார். ரிஜிஸ்டர் ஆபீசில் எனக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தது அண்ணன் ஒருவன்தான். ஊரே பார்க்க வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அந்த ஒரு நாளுக்காக அவன் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன். ஊரில் எனக்கென்று மிஞ்சியது, என் வண்டிச் சம்பளத்தில் நான் வாங்கி வளர்த்த ஏழெட்டுப் பெட்டை ஆடுகள். கருத்த முகத்தோடு ஒன்று, கரிச்சி, அதுதான் மந்தைக்கே மூத்தது. கிளம்பும்போது அவற்றை அண்ணனிடம் வாரத்துக்கு விட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் இது: வளர்க்கிறவனுக்கு ஒரு குட்டி, உடையவனுக்கு ஒரு குட்டி, ஈத்துக்கு ஈத்து மாற்றி மாற்றி. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. குட்டி விழுந்தால் சொல்லியனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆடு வயிற்றில் இருப்பதை மறைக்கிறவன் உருப்பட மாட்டான் என்பார்கள்.

அந்த மந்தை பெருகினால் போதும், ஓர் ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவது என்று நான் இருந்தேன். இங்கே பனியில் அடுத்தவன் ஆட்டுக்குக் குளம்பு வெட்டும்போதெல்லாம் என் பட்டியைத்தான் நினைத்துக்கொள்வேன். நிலமில்லாதவனுக்கு ஊர் திரும்ப வேறு காரணம் எது? ஜெஸியிடம் சொல்லும்போது, “பாப்போங்க” என்பாள். அந்தப் பாப்போங்கவை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வருஷம் குட்டிகள் விழுந்தன, பங்கும் நியாயமாக நடந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் அண்ணன் போனில் இழுத்தான்.

“தம்பி, ஒண்ணும் சினை புடிக்க மாட்டேங்குதுடா. நம்ம முக்குல பஞ்சாயத்துல ஹைமாஸ்ட் லைட்டு போட்டுட்டாங்க. பட்டிக்குள்ள ராவும் பகலும் ஒரே வெளிச்சம். நீ சொன்னியல்லோ, ராத்திரி கொறஞ்சா ஆடு பருவத்துக்கு வராதுன்னு. அதேதான் ஆயிப்போச்சு.”

எனக்கு நெஞ்சு பகீர் என்றது. அத்தோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது. பார், நான் சொன்ன விஞ்ஞானம் நம் பட்டியிலேயே நடக்கிறது! ஜெஸியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், “ஆமாங்க, வெளிச்சம் பட்டா மெலட்டோனின் கொறையத்தான் செய்யும். இருக்கும்,” என்றாள். அப்புறம் என்ன, நான் வைத்தியனாகிவிட்டேன். பட்டியின் முக்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டச் சொன்னேன். கட்டியாச்சு என்றான். பலனில்லை என்றான். இரட்டைப் படுதா கட்டச் சொன்னேன். அதுவும் கட்டியாச்சு, கரிச்சி வாடிப் போச்சு, பாக்கவே மனசு கேக்கல என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்; அந்த அழுகைக்கு நான் கடல் தாண்டி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹியூவிடம் யோசனை கேட்டேன், ஊரில் தெருவிளக்கால் என் ஆடுகள் சினைப்படவில்லை என்று. அவர் நெற்றியைச் சுருக்கினார். “உங்கள் ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்கப் பெருகுகிறவர்கள் ஆயிற்றே. அவர்களுக்கு வெளிச்சம் என்ன, இருட்டு என்ன?” என்றார். எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ஜனத்தொகையைக் குத்துகிறான் கிழவன் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு ஆடும் ‘அவர்கள்’தான், தன் மந்தையையும் அப்படித்தான் சொல்வார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இந்த உலகத்தில் அந்தச் சமயம் எனக்கு உண்மை சொன்ன ஒரே மனுஷன் அவர்தான். நான் அவரோடு சண்டை பிடித்தேன்.

போன நவம்பர் கடைசியில், குட்டி ஈனும் காலம் தொடங்குவதற்குள் போய் வந்துவிடலாமென்று தனியாக ஊருக்குக் கிளம்பினேன். டிக்கெட் எடுத்த பிறகுதான் ஜெஸியிடம் சொன்னேன்; அண்ணனுக்குச் சொல்லவே இல்லை. “இப்ப எதுக்குங்க திடுதிப்புன்னு?” என்றாள், முகம் ஒரு மாதிரி ஆனது. என்னைப் பிரிவதால் என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்த பிறகு முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கும்மிருட்டு. என் கையே எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பைசா செலவில்லாத, திரைத்துணி கட்டாத, நம் ஊர் ராத்திரி. மாம்பூ வாசம், பூச்சிச் சத்தம், மேலே வானம் கொள்ளாமல் நட்சத்திரம். அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கையில்தான், இந்த முக்கில் இப்படி இருட்டு இருக்கக் கூடாதே என்று உறைத்தது. போன் டார்ச்சை அடித்து முக்கைச் சுற்றி வந்தேன். டீக்கடை இருந்தது, பழைய மைல்கல் இருந்தது, பஞ்சாயத்துக் குழாய் இருந்தது. ஹைமாஸ்ட் இல்லை. விளக்கு அணைந்து கிடக்கவில்லை ஐயா, கம்பமே இல்லை. கம்பம் நட்ட குழிகூட இல்லை.

வீடு வரைக்கும் நடந்ததே தெரியவில்லை. உள்ளே போகாமல் நேராகப் பட்டிக்குப் போனேன். படுதாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூலையில் கரிச்சி நின்று கத்திக்கொண்டிருந்தது. ஆட்டுக்குப் பல கத்தல் உண்டு. பசிக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று. இது குட்டியைக் காணாத தாயின் கத்தல், எந்த நாட்டிலும் இதே கத்தல்தான். கிட்டே போய் மடியில் கை வைத்தேன். கல்லு மாதிரி இறுகியிருந்தது. காம்பைத் தொட்டதுமே விரலெல்லாம் பால்.

அண்ணன் பின்னால் வந்து நின்றான். “வந்துட்டியா. உள்ள வாடா, எதுக்கு இருட்டுக்குள்ள நின்னுட்டு.”

பால் ஒட்டிய கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இது என்னண்ணா? குட்டி எங்க?”

அவன் வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தான். குட்டிகளை முந்தின நாள்தான் தன் மச்சினன் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டானாம். இத்தனை காலம் விழுந்தது எல்லாம் அவன் மந்தையில் கலந்துவிட்டது. ஈத்துக்கு ஈத்து, ஒன்று விடாமல்.

“நான் வர்றேன்னு ஒனக்குச் சொல்லவே இல்லையே. எப்படித் தெரியும்?”

“உன்ற பொண்டாட்டிதான் போன் பண்ணிச் சொன்னா,” என்றான்.

நான் கரிச்சியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“என்ற மூஞ்சியப் பாருடா. நானா அந்த மெலட்டோ கிலட்டோவையெல்லாம் கண்டேன்? லைட்டக் காரணம் சொல்லுங்க, அவரு நம்பிருவாருன்னு அவதான் சொல்லிக் குடுத்தா. ஆடு ஒண்ணுமில்லாமப் போனா அவரு ஊர் ஆசைய உட்டுருவாருன்னா. எனக்கும் சவுரியமாப் போச்சு, சரின்னுட்டேன். நீ எங்கடா வரப்போற? வராதவனுக்கு எதுக்கு வாரம்?”

வெள்ளை வேட்டியோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்த அதே அண்ணன். அடிக்கக் கை ஓங்கினேன் என்று எழுத ஆசைதான். ஓங்கவில்லை. பாலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மாந்தோப்பு ஓரமாகப் போய் நின்று ஜெஸியை அழைத்தேன். அங்கே மத்தியானம்.

“லைட்டு ஒன்னோட யோசனையா?” என்றேன்.

“ஆமா,” என்றாள். அழவில்லை. “ஒரேயடியா இல்லைன்னு சொன்னா ஒடஞ்சு போயிருவீங்க. கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் போகட்டும்னு நெனச்சேன்.”

“என் ஊர எங்கிட்டருந்து திருடறதுக்கு நீ யாரு?”

“அது ஒங்க ஊருங்க. எனக்கு அங்கிட்டு என்ன இருக்கு? எங்க அம்மாவ எஸ்டேட்டுல வேலைய விட்டுப் பேர் வெட்டுன அன்னைக்கே, அவங்க குடுத்த லயத்து வீடும் போயிருச்சு, எனக்குத் திரும்ப ஊரே இல்ல. ஒங்க ஊருக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க எல்லாரும் உள்ள உக்காந்து தட்டுல சாப்பிட்டீங்க. எனக்கு மட்டும் வெளிய சிட்டவுட்டுல எல போட்டாங்க. நீங்க அதப் பாத்துட்டு, அண்ணி ஒனக்கு விருந்தே வச்சுட்டாங்கன்னு சிரிச்சீங்க.”

சிரித்தேன்தான். இலை போட்டால் மரியாதை என்று நினைத்தேன். நான் தொட்ட தட்டைக் கழுவுவார்கள், அவள் தொட்டதைக் கழுவ மாட்டார்கள், அதனால் தூக்கி எறிகிற இலை. அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு அவள் சொல்லித்தான் தெரிகிறது.

“அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அண்ணனோட சண்ட போட்டுட்டு, திருப்பியும் அந்த ஆட்டத்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க.”

போனை அணைத்தேன். அவள் சொன்னது அத்தனையும் நியாயம். எனக்கு அவள் செய்தது அத்தனையும் துரோகம். ஆட்டுக்குப் பொய் சொல்லவாவது ஊசி வேண்டும். எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, நானே காதைக் காட்டியிருக்கிறேன். நான் ஆசை ஆசையாகச் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் சேர்த்து வைத்து எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் பொய் சொன்னது ஆட்டுக்காக. அவனை ஒரு நாள் மறந்துவிடுவேன். இவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, துணி மடித்துக்கொண்டு, “இருக்கும்” என்றாளே!

இந்த ஜூனிலும் குளிகை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் அவளும் நானும் டியூட்டி நேரத்தைப் பேசுகிறோம், பால் தீர்ந்ததைப் பேசுகிறோம். ஊருக்குப் போவது பற்றி இருவருமே பேசுவதில்லை. அவள் ஜெயித்துவிட்டாள் என்று சொல்லலாம். ஜெயித்த முகமாக இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நடந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தோப்பிலிருந்து திரும்பியபோது அண்ணி உள்ளே தட்டு வைத்திருந்தாள். “தம்பி, உள்ள வாங்க, கொழம்பு ஆறிப்போகுதல்லோ,” என்றாள், ஒன்றும் நடக்காத மாதிரி. நான் சிட்டவுட்டிலேயே தரையில் உட்கார்ந்தேன்.

“எனக்கு எல போடுங்க அண்ணி. இங்கயே,” என்றேன்.

அண்ணியின் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. கொல்லைப் பக்கம் போய் ஓர் இலையை அறுத்து வந்து, தண்ணீர் தெளித்து, என் முன்னால் போட்டான். சாப்பிட்டேன். பசித்தது, அதுவும் அசிங்கமாக இருந்தது. உள்ளே டியூப்லைட்டில் என் தட்டு காலியாக இருந்தது. சட்டைப் பையில் ஜெஸி அழைத்துக்கொண்டே இருந்தாள். நான் எடுக்கவுமில்லை, உள்ளே போகவுமில்லை.

சாப்பிட்டு முடித்தால் இலையை மூட வேண்டும். தன் பக்கமாக மடித்தால் இந்த உறவு தொடரட்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடித்தால் இனி இந்த வாசல் வேண்டாம் என்று அர்த்தம். அண்ணன் தூணோரம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் ஒரு தடவை நின்று, மறுபடி அடித்தது. சோறு ஒட்டிய கை காய்ந்து இழுக்கிற வரைக்கும் இலையைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.